கலத்தின் அடுப்பும் எச். ஐ. வி. என்னும் கள்வனும்

மக்கள் ஒரு நோய்க்கு இடும் பெயரே சில வேளைகளில் அந்நோயின் பாதிக் கதையைக் கூறிவிடும். ஆபிரிக்காக் கண்டத்திலே, உகண்டா நாட்டின் தெற்குப் பகுதியிலுள்ள ராக்காய் மாவட்டத்தில், 1980ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் ஒரு புதிய நோய் தலைகாட்டியது. நல்ல உடற்கட்டுடன் உழைத்துத் திரிந்த ஆண்களும் பெண்களும் ஓயாத வயிற்றோட்டத்தாலும் காய்ச்சலாலும் பீடிக்கப்பட்டு, எலும்பும் தோலுமாயினர். அவ்வூரார் அதனைச் 'சிலிம்' என்றழைத்தனர். மெலிவு என்பதே அச்சொல்லின் பொருள். 1985ஆம் ஆண்டில் உகண்டா வைத்தியர்களும் பிரித்தானிய அறிஞர்களும் சேர்ந்து 'லான்செற்' என்னும் மருத்துவ இதழில் இந்நோயை விவரித்தபோது, ஊரார் இட்ட அப்பெயரையே தலைப்பிலும் வைத்தனர்.

அது வேறெந்த நோயுமன்று. 1981ஆம் ஆண்டு யூன் மாதத்தில், அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு உண்டான அபூர்வமான நுரையீரற் காய்ச்சலைப் பற்றிய அறிக்கையினால் உலகம் முதன்முதலாக அறிந்துகொண்ட எயிட்ஸ் நோயே அது. 1983ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துப் பாஸ்ரர் நிலையத்திலே பிரான்சுவாஸ் பாரே-சினூசி என்னும் பெண்மணியும் லுக் மொந்தானியே என்பவரும் அவர்தம் துணைவர்களும் அந்நோயின் காரணியாகிய வைரசைப் பிரித்தெடுத்தனர். இவ்விருவருக்கும் 2008ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

உடல் மெலிவதை ஊரார் கண்ணாற் கண்டனர். வைரசை அறிஞர் நுணுக்குக்காட்டியிற் கண்டனர். ஆனால், இவ்விரண்டுக்கும் இடையே, நோயை எதிர்க்கும் கலங்களின் உள்ளே என்ன நடைபெறுகின்றது? அக்கலங்கள் எதை உண்கின்றன, எதை எரிக்கின்றன, அந்த எரிப்பு யாருக்குப் பயன்படுகின்றது? இக்கேள்விகளுக்குக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேதான் தெளிவான விடைகள் வரத் தொடங்கியுள்ளன. அவ்விடைகளை எமது வாசகர்களுக்கு எளிய முறையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவற்றைத் தவறாக விளங்கிக்கொள்வோர் தம் உயிருக்கே தீங்கு தேடிக்கொள்ளக்கூடும் என்பதால், இறுதிவரை பொறுமையுடன் வாசிக்குமாறும் வேண்டுகின்றோம்.

அடுப்பின்றி வாழ்வில்லை

எமது உடல் கோடானுகோடி கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலமும் ஒரு சிறு குடும்பத்தை ஒத்தது. அதற்கு உணவு வேண்டும், அதனைச் சமைக்க அடுப்பு வேண்டும், சுவர் எழுப்பக் கல்லும் மண்ணும் வேண்டும். உணவை எரித்துச் சக்தி பெறுவதும், அதனைப் பிரித்தெடுத்துப் புதிய பொருள்களைக் கட்டுவதுமாகிய இத்தொழில்கள் அனைத்தையும் சேர்த்து விஞ்ஞானிகள் அனுசேபம் என்பர்.

குருதியில் உலவும் வெண்கலங்களுள் ரீ-கலங்கள் என ஒரு வகையுண்டு. அவற்றுள்ளும் தம் மேற்புறத்தில் சீ.டீ.4 என்னும் புரதத்தைத் தாங்கியவை, உடலின் காவற்படைக்குத் தளபதிகள் போன்றவை. நோய்க்கிருமி புகுந்த செய்தி கிடைத்தவுடன் ஏனைய படையினரை ஏவுவது இவற்றின் கடமை. நல்ல சுகமுள்ள ஒருவரின் குருதியில் ஒரு கன மில்லிமீற்றருக்கு 500 முதல் 1,500 வரையான சீ.டீ.4 கலங்கள் இருக்கும். அவை 200க்குக் கீழே குறையும்போது, எளிய கிருமிகளும் உயிருக்கு உலை வைக்கத் தொடங்கும். அந்நிலையையே எயிட்ஸ் என்பர்.

எதிரி இல்லாத காலத்தில் இக்கலம் ஓய்ந்து கிடக்கும். ஒருவர் மட்டும் வாழும் வீட்டில் ஒருவேளை உலை வைப்பதுபோல, சிறிதளவு குளுக்கோசையும் கொழுப்பையும் இழைமணிகள் என்னும் உறுப்புகளிலே ஒட்சிசனின் துணையுடன் மெல்ல எரித்துக்கொள்ளும். இச்சிக்கனமான எரிப்பினால் ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 சக்தி நாணயங்கள் கிடைக்கின்றன. நாணயம் என நாம் கூறுவது, கலத்தின் எல்லாச் செலவுக்கும் உதவும் ஏ.ரீ.பீ. என்னும் பொருளை.

எதிரியைக் கண்டவுடன் நிலைமை தலைகீழாக மாறுகின்றது. ஓய்ந்திருந்த கலம் பருத்து, ஒன்று இரண்டாகவும் இரண்டு நான்காகவும் பெருகத் தொடங்குகின்றது. வீடு கல்யாண வீடாகிவிடுகின்றது. குளுக்கோசை உள்ளே விடும் 'குளூற்-1' என்னும் வாயில்கள் கலத்தின் மேற்புறத்திலே பெருகுகின்றன. உள்ளே வந்த குளுக்கோசு முற்றாக எரிவதில்லை. பாதி வழியிலேயே பிளக்கப்பட்டு, இலற்றிக் அமிலமாக வெளியே தள்ளப்படுகின்றது. இம்முறையில் ஒரு மூலக்கூறுக்கு 2 நாணயங்களே மிஞ்சும். ஒட்சிசன் தாராளமாக இருக்கும்போதும் ஒரு கலம் இவ்வாறு செய்வதை 1920ஆம் ஆண்டுகளிலே புற்றுநோய்க் கலங்களிற் கண்டு விவரித்தவர் செருமனி நாட்டு அறிஞர் ஒற்றோ வார்பேர்க்.

இது வீண்செலவு அன்றோ என வாசகர்கள் வினவலாம். அன்று. கல்யாண வீட்டிலே விறகின் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. பந்தி விரைவாக நடக்கவேண்டும் என்பதே கருத்து. அன்றியும், பாதி வழியில் நின்ற குளுக்கோசுத் துண்டுகளைக்கொண்டு புதிய கலங்களுக்கு வேண்டிய கொழுப்பு, புரதம், பரம்பரைப் பொருள் ஆகியவற்றின் செங்கற்களைக் கலம் வார்த்துக்கொள்கின்றது. வேகமும் பொருளும் வேண்டியே அது சிக்கனத்தைக் கைவிடுகின்றது.

கள்வனுக்கு வேண்டியது

இனி, எச். ஐ. வி. வைரசைப் பார்ப்போம். அதற்கு வாயுமில்லை, வயிறுமில்லை, அடுப்புமில்லை. அதன் பரம்பரைச் செய்தி முழுவதும் ஏறத்தாழ 9,700 எழுத்துகளில் அடங்கிவிடும். மனிதருடைய செய்தியோ 300 கோடிக்கு மேற்பட்ட எழுத்துகளைக் கொண்டது. இத்துணை வறிய பொருள் தானாக ஒன்றையும் ஆக்க இயலாது. அதற்கு வேண்டிய ஒவ்வொரு மணியும் பிறர் வீட்டுக் களஞ்சியத்திலிருந்தே வரவேண்டும்.

இவ்வைரசின் செய்தி ஆர்.என்.ஏ. என்னும் எழுத்துகளில் உள்ளது. கலத்தினுள் நுழைந்தபின் அதனை டீ.என்.ஏ. ஆக மாற்றி எழுதி, கலத்தின் சொந்தச் செய்தியோடு பின்னிவிட வேண்டும். அவ்வாறு எழுதுவதற்கு டீ.என்.ஏ.யின் செங்கற்கள் பெருந்தொகையாகத் தேவை. ஓய்ந்து கிடக்கும் கலத்திலோ அவை மிகக் குறைவு. இது தற்செயலானதன்று. சாம்-எச்.டீ.1 என்னும் ஒரு புரதம் அக்கலங்களிலே காவல் நின்று, அச்செங்கற்களை உடைத்துக்கொண்டேயிருக்கின்றது. இப்புரதம் எச். ஐ. வி.யைத் தடுக்கும் உண்மை 2011ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. பாண்டமெல்லாம் வெறுமையாய் உள்ள அடுக்களைக்குள் நுழைந்த கள்வன், ஏமாந்து நிற்பதைப் போன்றதே ஓய்ந்த கலத்தினுள் நுழைந்த வைரசின் நிலை.

கல்யாண வீடாக மாறிய கலத்திலோ களஞ்சியம் நிரம்பி வழிகின்றது. காவற்புரதமும் தன் தொழிலை நிறுத்திவிடுகின்றது. ஏனெனில், பெருகவேண்டிய கலத்துக்கே அச்செங்கற்கள் தேவையன்றோ? கதவு திறந்திருக்கின்றது, அடுப்பு எரிகின்றது, பண்டங்கள் குவிந்து கிடக்கின்றன. வைரசு கேட்டதெல்லாம் அங்கே கிடைக்கின்றது.

குளுக்கோசு வாயிலாகிய குளூற்-1இன் வேலையைத் தடுத்தால் எச். ஐ. வி. தொற்றுவதும் குறைகின்றது என்பதை 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டியது. பின்னர், 2019ஆம் ஆண்டிலே, பாஸ்ரர் நிலையத்து அறிஞர் அசியர் சாயெஸ்-சிரியோன் அவர்களின் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். சீ.டீ.4 கலங்களுள்ளும் பல பிரிவுகள் உண்டு. அவற்றுட் சிலவற்றை இவ்வைரசு விரும்பித் தாக்குவதையும் சிலவற்றை விட்டுவிடுவதையும் முன்னரே அறிந்திருந்தனர். இவ்வேறுபாட்டுக்கு முக்கியமான காரணம் கலத்தின் அனுசேப வேகமே என்பதை இக்குழுவினர் நிலைநாட்டினர். அடுப்பு நன்றாக எரியும் கலத்தையே கள்வன் தெரிந்தெடுக்கின்றான். குளுக்கோசைப் போலத் தோன்றி ஏமாற்றும் ஒரு பொருளை ஆய்வுகூடத்துக் கலங்களுக்கு இட்டு அடுப்பைத் தணித்தபோது, வைரசு பெருகுவது தடைப்பட்டதோடு, தொற்றுண்ட கலங்கள் ஏனையவற்றிலும் மிகுதியாக அழிந்தன.

இங்கே ஒரு துயரமான முரண்பாடு உண்டு. எதிரியை எதிர்க்கவே கலம் அடுப்பை மூட்டுகின்றது. அவ்வாறு மூட்டிய நெருப்பிலேயே அவ்வெதிரி தன் சோற்றைப் பொங்கிக்கொள்கின்றான். ஏனைய நோய்களில் எம்மைக் காக்கும் விழிப்பே இந்நோயில் வைரசுக்கு விருந்தாகின்றது. சிகிச்சை பெறாத ஒருவரின் உடலிலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கோடி புதிய வைரசுகள் தோன்றுகின்றன என 1996ஆம் ஆண்டிலே கணக்கிட்டனர்.

தீயினால் நேரும் சாவு

வைரசு புகுந்த கலங்கள் மட்டுமே அழியுமாயின் சேதம் அளவோடு நின்றிருக்கும். ஆனால், நோயாளரிடத்தில் அழியும் கலங்களின் தொகையோ மிகப் பெரியது. வைரசு பெருகாத கலங்களும் ஏன் இறக்கின்றன? இப்புதிர் நெடுங்காலம் அவிழாதிருந்தது.

2014ஆம் ஆண்டில் சன் பிரான்சிஸ்கோ நகரத்துக் கிளாட்ஸ்ரன் நிலையத்தில் வோணர் கிறீன் அவர்களின் குழுவினர் இதற்கு விடை கண்டனர். தொண்டைச் சதையிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் பெற்ற இழையங்களை ஆய்வுகூடத்தில் வைத்து ஆராய்ந்தபோது, இறக்கும் சீ.டீ.4 கலங்களுள் நூற்றுக்கு 95க்கு மேற்பட்டவை, வைரசு புகுந்து, ஆனால் தன் தொழிலை முடிக்கமாட்டாமல் இடைநடுவில் நின்ற ஓய்ந்த கலங்களே என்பது புலனாயிற்று. மேலே நாம் கூறிய வெறும் அடுக்களை வீடுகளே இவை. அங்கே பாதி எழுதப்பட்ட டீ.என்.ஏ. துண்டுகள் சிதறிக் கிடக்கும். அவற்றைக் கண்ட கலம், அபாயம் எனக் கூவித் தன்னைத்தானே வெடிக்கச் செய்துகொள்ளும். இவ்வகைச் சாவுக்குக் கிரேக்க மொழியில் நெருப்பைக் குறிக்கும் சொல்லைக்கொண்டே அறிஞர்கள் பெயரிட்டிருக்கின்றனர். தமிழில் அதனைத் தீச்சாவு எனலாம்.

ஒரு கலம் அமைதியாக மடிந்தால் அயலாருக்குத் தீங்கில்லை. தீச்சாவிலோ கலத்தின் உள்ளுறைப் பொருள்கள் வெளியே கொட்டுண்டு, அவ்விடத்தைச் சிவக்கவும் வீங்கவும் செய்கின்றன. அவ்வழைப்பைக் கேட்டுப் புதிய சீ.டீ.4 கலங்கள் உதவிக்கு ஓடிவருகின்றன. அவற்றுக்கும் அதே கதி நேர்கின்றது. ஓலை வீட்டிலே பற்றிய தீயை அணைக்க ஓடிவந்தவர்களின் ஆடையிலும் தீப்பற்றியது போன்றதே இது.

இதனோடும் முடிந்துவிடவில்லை. சீ.டீ.4 கலங்கள் மிகுதியாக வாழும் இடங்களுள் ஒன்று எமது குடல். நோயின் தொடக்கத்திலேயே அங்குள்ளவை பெருவாரியாக அழிவதனால் குடலின் வேலி நலிவடைகின்றது. அவ்வழியாகக் குடற்கிருமிகளின் பொருள்கள் குருதியிற் கசிந்து, காவற்படையை இரவும் பகலும் உறங்கவிடாமல் அருட்டுகின்றன என்பதை 2006ஆம் ஆண்டிலே அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளிப்படுத்தினர். இவ்வாறு கல்யாணம் முடிந்தும் அடுப்பு அணையாத வீடாகிவிடுகின்றது உடல். அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரிலே குளோவிஸ் பாமர் என்பவரும் அவருடைய துணைவரும் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், எச். ஐ. வி. தொற்றியவர்களிடத்தில் குளூற்-1 வாயிலைத் தாங்கிய சீ.டீ.4 கலங்கள் மிகுந்திருத்தலையும், மருந்து உட்கொள்வோரிடத்திலும் இந்நிலை முற்றாக மாறாமையையும், அவ்வகைக் கலங்கள் மிகுந்தவர்களிடம் சீ.டீ.4 கலத்தொகை குறைந்திருத்தலையும் கண்டனர்.

நீறு பூத்த நெருப்பு

இந்நோய்க்கு மருந்துண்டு, ஆயினும் முற்றாக நீக்கும் வழி பொதுவாகக் கிடைக்கவில்லை. அதன் காரணமும் அடுப்போடு தொடர்புடையதே.

போர் முடிந்தபின் உயிர் தப்பிய கலங்களுட் சில, அடுப்பைத் தணித்துக்கொண்டு மீண்டும் ஓய்வுக்குச் செல்கின்றன. பழைய எதிரியை நினைவில் வைத்திருக்கும் முதியோர் போல அவை பல ஆண்டுகள் வாழும். அவற்றுட் சிலவற்றின் டீ.என்.ஏ.யிலே வைரசின் செய்தி முன்னரே பின்னப்பட்டிருக்கும். கலம் உறங்கும்போது அச்செய்தியும் உறங்கும். வைரசு தன்னை எழுதும்போதும், பின்னும்போதும், உருவாகும்போதுமே இக்கால மருந்துகள் அதனைத் தடுக்கின்றன. ஒன்றும் செய்யாது உறங்கும் செய்தியை அவை தொடுவதில்லை. நீறு பூத்த நெருப்பாக அது கிடக்கும். மருந்தை நிறுத்தினால், பெரும்பாலோரிடத்தில் சில வாரங்களுள் வைரசு மீண்டும் குருதியிலே தோன்றிவிடும்.

ஆதலால், இன்றைய ஆராய்ச்சியாளர் பலர் கலத்தின் அடுப்பை ஒரு புதிய வாயிலாகக் கருதுகின்றனர். வைரசையன்றி, அது சார்ந்திருக்கும் வீட்டின் சமையலை மாற்றி அதனைப் பட்டினியிட முடியுமா என்பதே அவர்களது வினா. ஆயினும், இது இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது என்பதை நாம் அழுத்திக் கூறவேண்டும்.

தளராத வீரர்கள்

எச். ஐ. வி. தொற்றியவர்களுள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோர், மருந்தின்றியே பல ஆண்டுகள் வைரசை அடக்கி வைத்திருக்கின்றனர். இவர்களுக்குக் கிடைத்த பேறு யாது? இதற்குப் பரம்பரைக் காரணங்கள் உண்டு. அவற்றோடு அடுப்பின் கதையும் சேர்ந்திருக்கின்றது.

தொற்றுண்ட கலங்களைத் தேடிக் கொல்லும் படைவீரர்களுக்குச் சீ.டீ.8 கலங்கள் என்பது பெயர். 2019ஆம் ஆண்டிலே பாஸ்ரர் நிலையத்தினர் இரு வகையினரின் வீரர்களையும் ஒப்பிட்டு நோக்கினர். சாதாரண நோயாளரின் வீரர்கள் குளுக்கோசு ஒன்றையே பெரிதும் நம்பி வாழ்ந்தனர். அது குறைந்தவுடன் தளர்ந்தனர். வைரசை இயல்பாக அடக்குவோரின் வீரர்களோ பலவகை உணவையும் பயன்படுத்தவல்லவர். அவர்களுடைய இழைமணிகள் உறுதியாகத் தொழிற்பட்டன. சோறு கிடைத்தாற் சோறு, இல்லையேற் கிழங்கு என்று நடை தளராமற் சென்ற படையினர் அவர்கள். இன்ரலூக்கின்-15 என்னும் பொருளை ஆய்வுகூடத்திலே கொடுத்தபோது, தளர்ந்த வீரர்களின் இழைமணிகளும் ஊக்கம் பெற்று, வைரசை எதிர்க்கும் ஆற்றல் ஓரளவு மீண்டது.

இதிலிருந்து நாம் அறிவது யாதெனில், பெருநெருப்பு வேறு, வலிமை வேறு என்பதே. அளவாக எரிந்து, நெடுநேரம் நின்று, கிடைத்த விறகைப் பயன்படுத்தும் அடுப்பே போரில் வெல்கின்றது.

மருந்து வந்த வழி

1987ஆம் ஆண்டிலே சிடோவுடின் என்னும் முதல் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1996ஆம் ஆண்டளவில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தபின் நோயின் போக்கே மாறியது. மரணத்தை எதிர்நோக்கிக் கிடந்தோர் எழுந்து வேலைக்குச் சென்றனர்.

ஆயினும், அக்கால மருந்துகளுட் சில அடுப்பையே பழுதாக்கின. இழைமணிகளுக்குத் தமக்கெனச் சிறிது டீ.என்.ஏ. உண்டு. வைரசின் எழுத்தைத் தடுக்க வந்த மருந்து, அந்த இழைமணியின் எழுத்தையும் தடுத்துவிட்டது. அதனாற் சிலருக்குக் குருதியில் இலற்றிக் அமிலம் பெருகியது. வேறு சிலருக்குக் கன்னத்திலும் கைகால்களிலும் இருந்த கொழுப்புக் கரைந்து முகம் வற்றியது. அம்முகத்தைக் கண்டே அயலார் நோயை ஊகித்தனர். உயிரைக் காத்த மருந்து அவர்களது மறைவைக் காக்கவில்லை. இத்தீங்குகளுக்குப் பேர்போன ஸ்ரவுடினைப் படிப்படியாகக் கைவிடுமாறு 2009ஆம் ஆண்டிலே உலக சுகாதார தாபனம் அறிவுறுத்தியது. இன்று வழக்கிலுள்ள குளிகைகள் பெரும்பாலும் நாளொன்றுக்கு ஒருமுறை மட்டுமே உட்கொள்ளத்தக்கன. இத்தீங்குகளும் அவற்றில் மிகவும் குறைவு.

மருந்தை எப்போது தொடங்குவது, இடையிடையே நிறுத்தலாமா என்னும் வினாக்களுக்கும் தீர்க்கமான விடை கிடைத்துவிட்டது. 5,472 பேரைக்கொண்டு நடத்தி 2006ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஒரு பெரும் பரிசோதனையில், மருந்தை விட்டு விட்டு உட்கொண்டோருக்கு நோயும் மரணமும் நேரும் அபாயம், தொடர்ந்து உட்கொண்டோரிலும் இரு மடங்குக்கு மேலாயிருந்தது. 2015ஆம் ஆண்டிலே வெளியான மற்றொன்றில், சீ.டீ.4 கலங்கள் 500க்கு மேல் இருக்கும்போதே மருந்தைத் தொடங்கியோருக்குக் கடும் நோயும் மரணமும் நேர்வது நூற்றுக்கு 57 வீதம் குறைந்தது. தீ பரவுமுன் அணைப்பவனுக்குச் சேதம் குறைவு என்பதை இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது.

அணைந்தபின்னும் சிறிது சூடு எஞ்சியிருக்கின்றது. அச்சூட்டின் ஒரு விளைவாக, மருந்து உட்கொள்வோரிடத்திலும் இருதய நோய் ஏனையோரிலும் மிகுதியாகக் காணப்படுகின்றது. 12 நாடுகளைச் சேர்ந்த 7,769 பேர் பங்குபற்றி, 2023ஆம் ஆண்டிலே முடிவு வெளியான ஒரு பரிசோதனையில், கொலஸ்ரரோலைக் குறைக்கும் பிற்றவஸ்ரற்றின் என்னும் குளிகை, மாரடைப்புப் போன்ற பெருந்தீங்குகளை நூற்றுக்கு 35 வீதம் குறைத்தது.

இல்லத்தார் மனங்கொள்ள வேண்டியவை

இதுவரை வாசித்த ஒருவர், "வைரசு குளுக்கோசினால் வாழ்கின்றதெனில், சோற்றையும் சீனியையும் நிறுத்தி அதனைப் பட்டினியிடலாமே" எனக் கருதக்கூடும். இத்தவறு நேராதிருக்கவேண்டுமென்றே தொடக்கத்திற் பொறுமையை வேண்டினோம்.

எமது கோப்பையிலுள்ள சோறு வேறு, கலத்தினுள் எரியும் குளுக்கோசு வேறு. நாம் உண்ணாது கிடந்தாலும் ஈரலானது குளுக்கோசை ஆக்கிக் குருதியில் அதன் அளவு அதிகம் குறையாமற் காத்துக்கொள்ளும். மூளைக்கு அது இன்றியமையாதது. பட்டினியினால் வாடுவது வைரசன்று, நோயாளரே. எச். ஐ. வி. தொற்றியவர் நோய்க்குறி எதுவும் இல்லாதிருக்கும்போதே வழக்கத்திலும் ஏறத்தாழ நூற்றுக்கு 10 வீதம் மேலான சக்தியுணவு அவருக்குத் தேவை என்றும், நோய்க்குறி தோன்றியபின் 20 முதல் 30 வீதம் வரை மேலதிகமாகத் தேவை என்றும் உலக சுகாதார தாபனம் 2003ஆம் ஆண்டிலே கூறியது. உகண்டாவில் ஊரார் கண்ட அந்த மெலிவுக்கு, உணவு செல்லாமை, வயிற்றோட்டம், பிற தொற்றுகள் என்பவற்றோடு, ஓயாது எரிந்த இவ்வுடல் நெருப்பும் ஒரு காரணமாம்.

மேலே கூறிய, குளுக்கோசைப் போல ஏமாற்றும் பொருளும் வீட்டு மருந்தன்று. அது ஆய்வுகூடத்துக் கருவி. சுகமான கலங்களையும் அது தாக்கவல்லது.

இன்னொரு மயக்கமும் உண்டு. "எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்" என விளம்பரம் செய்து விற்கப்படும் சூரணங்களும் பானங்களும் எங்கும் மலிந்துள்ளன. இந்நோயில் காவற்படை உறங்குவதன்று குறை, உறங்கமாட்டாமற் தவிப்பதே குறை. அதனை மேலும் தூண்டுவதில் என்ன பயன்? அத்தகைய பண்டங்களை நம்பி மருந்தைக் கைவிட்டவர், நீறு பூத்த நெருப்பின் மேல் ஓலையை அடுக்குகின்றார். வேறு மருந்தோ மூலிகையோ உட்கொள்வதாயின் வைத்தியரிடம் சொல்லியே உட்கொள்ளவேண்டும்.

அயலார்க்கும் ஒரு சொல். ஒரே பந்தியில் உண்பதாலும், ஒரே கிணற்று நீரைப் பருகுவதாலும், கைகோப்பதாலும், பிள்ளையைத் தூக்குவதாலும் இந்நோய் தொற்றுவதில்லை. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, குருதிப் பரிசோதனையில் வைரசு தென்படாத நிலையை அடைந்து, அந்நிலையிலேயே நிற்பவரிடமிருந்து அவருடைய துணைவருக்கும் உடலுறவினால் அது தொற்றுவதில்லை. 2016ஆம், 2019ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வுகளில், இத்தகைய நிலையில் வாழ்ந்த பல நூறு இணைகளுள் ஒன்றிலேனும் இவ்வாறு தொற்று நேரவில்லை. கருவுற்ற தாய்க்குக் காலத்தோடு மருந்து கொடுத்தாற் பிள்ளையையும் காக்கலாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச். ஐ. வி. தொற்றுவதை ஒழித்த நாடு என 2019ஆம் ஆண்டிலே இலங்கைக்கு உலக சுகாதார தாபனம் சான்றளித்தமை நாம் பெருமைப்படத்தக்கது. பரிசோதனைக்கு நாணிப் பின்நிற்போரும், அவர்களை நாணச் செய்வோரும் இதனைச் சிந்திப்பாராக.

உகண்டாவின் ஊரார் மெலிவு எனப் பெயரிட்ட காலத்தில், வைத்தியர் கையில் மருந்து இருக்கவில்லை. இன்று அதே வைரசுடன் மக்கள் முதுமை காண்கின்றனர், பேரப்பிள்ளைகளைத் தூக்குகின்றனர். கலத்தின் அடுப்பைப் பற்றிய புதிய அறிவு, நாளை எஞ்சிய கனலையும் அவிக்க உதவக்கூடும். அந்நாள் வரும்வரை, மருந்தை ஒருநாளும் தவறாது உட்கொள்வதும், வயிறார உண்பதும், வைத்தியரை ஒளியாது அணுகுவதுமே நோயாளர் செய்யத்தக்கன. அவருக்கருகே அஞ்சாது அமர்ந்து உண்பது உற்றார் உறவினர் செய்யத்தக்கது.